ழ வரவழைக்கும் மிஸ்

அடுத்தவர் வாய்க்குள் விரலை விட்டுப் பிழைக்கிறவர்கள் இரண்டே பேர்தான்: ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் என்னைப் போன்ற ஸ்பீச் தெரபிஸ்ட். பல் டாக்டரிடம் போகிறவர்கள் வலியோடு போகிறார்கள், அதனால் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு வலி கிடையாது. எனக்கே யோசனை சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

திருச்சி மன்னார்புரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில், மாடியில் எனக்கு ஓர் அறை. ஒரு பெரிய கண்ணாடி, நாற்காலிகள், நாக்கை அழுத்திப் பிடிக்க ஒரு டப்பா நிறைய ஐஸ் குச்சிகள். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்கள், திக்குகிறவர்கள், காது கேளாமல் பிறந்த குழந்தைகள் ஆகியோருக்காகத்தான் இந்தப் படிப்பைப் படித்தேன். ஆனால் ஊரில் என் பெயர் ‘ழ வரவழைக்கும் மிஸ்’. இந்த ஓர் எழுத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏறி நின்றவர்களே, மைக் முன்னால் வியர்த்தவர்களே, பெயரில் ழ வைத்துக்கொண்டு ஊரார் வாயில் மாட்டி நசுங்குகிறவர்களே, உங்களிடம் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

வியாதி இல்லாத நோயாளிகள்

ல சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டுகிறது. ள சொல்லும்போது நுனி பின்பக்கமாக மடிந்து மேல் அண்ணத்தில் ஒட்டுகிறது. ழ சொல்லவும் அப்படித்தான் மடிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. நாக்கின் இரண்டு ஓரமும் கடைவாய்ப் பற்களைப் பிடித்துக்கொள்ள, நுனி மட்டும் அண்ணத்துக்குப் பக்கத்தில் போய் அந்தரத்தில் நிற்க வேண்டும். குரல் நடுவழியாகத் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். நாக்குக்கு எதையாவது தொட்டுப் பேசித்தான் பழக்கம். தொடாமல் நில் என்றால் முரண்டு பிடிக்கும். இதில் இன்னொரு சங்கடம், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது.

திருச்சியில் பாதிப் பேர் ழ இல்லாமலே பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. இது தெரிந்தும் எங்கள் டாக்டர் ஒரு கோடை விடுமுறையில் ‘ழகரச் சிறப்புப் பயிற்சி, மேடைப் போட்டிக்குத் தயாராகுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டார். மறுநாள் மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள், அம்மாக்கள், பட்டுப்பாவாடைகள். பக்கவாதக்காரர் ஒருவர் ஏறி வர இடமில்லாமல் கீழேயே கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். இது வியாதியே இல்லையே, இதற்கு எதற்கு வைத்தியம் என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

“வியாதி இல்லன்னா என்னம்மா, ஆள் வர்றாங்கல்ல?” என்றார் டாக்டர்.

மணப்பாறையிலிருந்து ஒரு பெயர்

அந்தக் கூட்டத்தில்தான் முருகேசனும் செல்வியும் மகளோடு வந்தார்கள். மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முறுக்குக் கடை. குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே தாமதமாகி, நாலு வயதில்தான் ஆபரேஷன் செய்து உள்காதுக் கருவி வைத்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் ஒரு மெஷினும், தலைமுடிக்குள் ஒட்டிக்கொண்டு ஒரு வட்டமும் இருக்கும். கேட்க ஆரம்பித்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அம்மா, வா, பால், பஸ் என்று சில வார்த்தைகள் சொல்வாள். அடுத்த வருஷம் ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில், மற்றப் பிள்ளைகள் படிக்கும் சாதாரணப் பள்ளியில், சேர்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவர்களுடைய கனவு, கவலை, சண்டை எல்லாம்.

“அட்மிஷனுக்குக் கூட்டிட்டுப் போனா மொதக் கேள்வியே பேர் என்னன்னுதான் கேப்பாங்களாம் மிஸ். பேரை மட்டும் சுத்தமா சொல்ல வச்சுடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் முருகேசன். பெயர் என்ன என்று கேட்டேன். யாழினி. காது நன்றாகக் கேட்கிற குழந்தைகளுக்கே கடைசியில் வருகிற எழுத்து இது, இவளுக்கு முதலில் தேவை ‘பசிக்குது’, ‘வலிக்குது’, ‘எனக்குப் புரியல’ என்கிற வார்த்தைகள் என்று எடுத்துச் சொன்னேன். ழ வராவிட்டால் குடி முழுகிப் போகாது என்றேன். முருகேசன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் சொன்னார்:

“நீங்க சொல்றது சரிதான் மிஸ். ஆனா பசிக்குதுன்னு அவ சொல்லப் போறது என்கிட்ட. பேரைச் சொல்லப் போறது அவங்ககிட்டல்ல?”

முதலில் அப்பா, அம்மா

பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். அதுதான் எங்கள் முறை. உதட்டைப் பார்த்துக் குழந்தை ஊகித்துவிடக் கூடாது என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவோம். ழ சொல்லும்போது அந்தக் கவலைகூட இல்லை, உதட்டில் தெரிய அதில் ஒன்றும் கிடையாது. காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் யாழினி கேட்பது எதை? அப்பா கூப்பிடுவது யாளினி. அம்மா, பக்கத்து வீடு, எதிர்க் கடை, எல்லோரும் யாளினி. ஒரு குழந்தை நாள் முழுக்க யாளினியைக் கேட்டுவிட்டு, என் அறையில் இருக்கும் நேரத்தில் மட்டும் யாழினி சொல்ல வேண்டும் என்றால் எப்படி நடக்கும்?

அதனால் முதலில் பெற்றோருக்குப் பயிற்சி. “ஈ” என்று நீட்டச் சொல்லி, நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் படுவதைக் கவனிக்கச் சொல்லி, ஓரத்தை விடாமல் நுனியை மட்டும் மெல்லப் பின்னால் மடிக்கச் சொன்னேன். செல்விக்குச் சட்டென்று வந்துவிட்டது. முருகேசனுக்கு வரவில்லை. வீட்டில், பஸ்ஸில், கடையில் என்று எங்கேயும் சொல்லிப் பாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“அடுப்படியில நின்னு ‘ஈழ், ஈழ்’னு சொல்லிட்டே இருக்கேன் மிஸ். முறுக்கு வாங்க வர்றவங்கல்லாம் பல்வலியான்னு கேட்டுட்டு, அரைக் கிலோ வாங்க வேண்டியவங்க கால் கிலோவோட போயிடுறாங்க.”

அண்ணனின் மாலை நேரம்

யாழினிக்கு நான் ஒதுக்கியிருந்தது மாலை நேரம். பகல் தூக்கம் முடிந்து தெளிவாக இருப்பாள். அந்த நேரத்தில் ஒரு அண்ணன் வந்து உட்கார்ந்தார். கட்சிப் பேச்சாளர். வெள்ளை வேட்டி, கூட இரண்டு பேர். தமிழ், தமிழ் என்று முழங்குவதுதான் அவர் பிழைப்பு. அந்த வார்த்தையே அவர் வாயில் ‘தமில்’ என்று வந்து கூட்டம் சிரித்துவிட்டதாம். அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் சரியாக வேண்டும், அண்ணனுக்கு மாலைதான் தோதுப்படும் என்று டாக்டரே எனக்குப் போன் செய்தார். மணப்பாறைக் குடும்பம் உச்சி வெயிலில் திண்டுக்கல் ரோட்டு பஸ்ஸில் வந்து இறங்க வேண்டியதாயிற்று. யாழினி என் நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்குவாள். தூங்குகிற குழந்தைக்கு நான் எந்த எழுத்தைச் சொல்லித் தருவது?

அண்ணனுக்கு ழ வந்தது. வந்ததும் அதை விட மனசில்லாமல் ல, ள வருகிற இடங்களுக்கும் அதையே பரிமாற ஆரம்பித்துவிட்டார். மக்கழே, தோழ்விகழ், பழ்ழிக்கூடம்! வேண்டாம் அண்ணே, எல்லா இடத்திலும் மடிக்கக் கூடாது என்று கெஞ்சினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கூட்டம் முடிந்த மறுநாள், அவருடன் வரும் ஒருவர் ஒரு ஸ்வீட் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டம் எப்படி என்று கேட்டேன்.

“பிரமாதம் மேடம். அண்ணன் என்ன பேசினார்னு ஒருத்தருக்கும் புரியல, ஆனா சுத்தத் தமிழ்னு எல்லாரும் கை தட்டிட்டாங்க.”

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு

வாரத்தில் சில நாள் ஸ்ரீரங்கத்துக்கு, வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பேன். உத்தர வீதியில் ஒரு வீடு. பெரியவர் கோயிலில் பாசுரம் ஓதும் பிரபந்த கோஷ்டியில் சேவித்துக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆனால் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் போதும், பாசுரம் முழுவதையும் கடகடவென்று சொல்லிவிடுவார். இந்த வியாதியில் அப்படி நடக்கும். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக ஊறியது மூளையில் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். நினைத்ததைச் சொல்லும் வழி மட்டும் அடைபட்டிருக்கும். இது புரியாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

“பாசுரமெல்லாம் நன்னா வரது பாருங்கோ. ழகாரம்தான் கொஞ்சம் நழுவறது. அதை மாத்திரம் சரி பண்ணிக் குடுத்தேள்னா, உத்சவத்துக்குள்ளே கோஷ்டியில கொண்டுபோய் நிறுத்திடலாம்” என்றார் அவர் தம்பி. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தார், பாசுரம்தான் வந்தது. அவர் சொல்ல நினைத்தது அது இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இங்கேயும் அதே கதைதான். வெளியே நாலு பேர் கேட்கப்போவது அழகாக இருக்க வேண்டும். உள்ளே ஆள் என்ன சொல்லத் தவிக்கிறான் என்பது பிறகு. எனக்கு ஆத்திரமாக வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது பெரியவரின் மனைவி, அந்த மாமி மட்டும் வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே கேட்காத குரலில் சொன்னார்:

“தீர்த்தம் வேணும்னு கேக்கத் தெரியாம நாக்கு வறண்டு தவிக்கறார். அதுலே ழகாரம் இல்லை பாருங்கோ, அதை மொதல்ல சொல்லிக் குடுத்துடுங்கோளேன்.”

தேன்

அண்ணத்தில் ஒரு சொட்டுத் தேன் தடவி, நாக்கு நுனியால் நக்கச் சொல்வது எங்கள் தொழிலில் பழைய வித்தை. ட, ள வராத குழந்தைகளுக்குச் செய்வோம். இனிப்பு இருக்கிற இடத்தை நாக்கு தானாகத் தேடிப் போகும். வேறொரு குழந்தைக்கு நான் இப்படிச் செய்ததைச் செல்வி வெளியில் உட்கார்ந்து கவனித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டில் காலையும் மாலையும் யாழினிக்குத் தேன் தடவியிருக்கிறாள். குழந்தைக்குக் குஷி. நாக்கு மடிந்து போய் அண்ணத்தில் ஒட்டியது, தித்தித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. கல் மாதிரி ஒரு ள வந்தது. தொடாமல் இருப்பதற்காக நான் பட்ட பாடெல்லாம் தண்ணீரில் போயிற்று.

எனக்கு வந்த கோபத்துக்குத் திட்டியிருப்பேன். ஆனால் யாரைத் திட்ட? காலையில் மாவு பிசைந்து, முறுக்குச் சுற்றி, உச்சி வெயிலில் பஸ் ஏறி வந்து, மகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு பாட்டில் தேன் வாங்கிய அம்மாவையா? தேனை அண்ணத்திலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தில் தடவச் சொன்னேன். நாக்கின் ஓரம் அங்கே போகட்டும், நுனி சும்மா இருக்கட்டும். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“நாக்கு மேல போகணும்னு சொன்னீங்க, போச்சு. இப்ப மேல போய்ட்டு தொடாமயும் இருக்கணும்னா, பெரியவங்களே ஆசைப்பட்டதைத் தொடாம இருக்க மாட்டாங்களே மிஸ்?”

வந்துவிட்டது

ஒரு நாள் மத்தியானம் வந்தது. எப்போது வருமென்று சொல்ல முடியாத சமாச்சாரம் இது. யாழினியின் ஒரு கையை என் தொண்டையில் வைத்து, இன்னொரு கையை என் தாடைக்கு அடியில் வைத்து, “ஈ” என்று நீட்டி மெல்ல மடித்தேன். அவளும் நீட்டினாள். மடித்தாள். ஒட்டவில்லை. குரல் நடுவழியாக, தடையில்லாமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியம். காதிலிருந்த மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், சத்தம் அங்கிருந்து வந்ததோ என்று. பிறகு “யா” சேர்த்தோம், “இனி” சேர்த்தோம். யாழினி. தன் பெயரைத் தன் வாயால் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதிலிருந்து அவளை யாராவது நேராகப் பார்த்தால் போதும், கேட்பதற்கு முன்பே பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் முந்தின நாள் ஜுரத்தோடு வந்து, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் காலைக் காலை உதைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. செல்வி கடைக்குப் போன் போட்டு, மகளைச் சொல்லச் சொன்னாள். அந்தப் பக்கம் எண்ணெய் காயும் சத்தத்துக்கு நடுவில் முருகேசனின் குரல் உடைந்து கேட்டது:

“மிஸ், இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன், கடையில எல்லாரும் நிக்கிறாங்க.”

அட்மிஷன்

ஏதாவது கேட்டால் எடுத்துச் சொல்ல என்னையும் வரச் சொன்னார்கள், போனேன். திருச்சியில் பெயர் எடுத்த பள்ளிக்கூடம். யாழினிக்குப் புதுக் கவுன், இரட்டைப் பின்னல். மெஷின் தெரியாதபடி செல்வி முடியை இழுத்துக் காதை மூடிப் பின்னியிருந்தாள். பிரின்சிபால் அறைக்குள் போனதும் ஃபேன் காற்றில் முடி விலகியது. அந்த அம்மாள் பார்வை அந்த இடத்தில் போய் நின்றது. அதற்குப் பிறகு குழந்தையின் முகத்துக்கு அது வரவே இல்லை. “மெஷின் வச்சிருக்கா?” என்று முருகேசனிடம் கேட்டார். “நாப்பது பிள்ளைங்க இருக்கற கிளாஸ், எங்க டீச்சர்ஸுக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல. மத்த பேரன்ட்ஸும் ஒரு மாதிரி பேசுவாங்க. ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க, அவளுக்கும் அதுதான் நல்லது” என்றார். இந்தக் குழந்தைகளைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக் கூடாதே, சட்டம் இருக்கிறதே என்றேன். “சட்டம் இருக்கு மேடம், சீட்தான் இல்ல” என்று சிரித்தார்.

யாழினி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. முருகேசன் எழுந்து நின்றார். அந்த மனிதர் கைகூப்பியதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. “மேடம், சீட்டு குடுக்காட்டிப் போவுது. ஒரே ஒரு தடவை, பேர் என்னன்னு மட்டும் எம்மககிட்ட கேளுங்க மேடம்” என்றார். ழ வராமல் மாதக்கணக்கில் தவித்த ஆள், அப்போது “யாழினி” என்று சுத்தமாகச் சொல்லி மகளை முன்னால் நகர்த்தினார். பிரின்சிபால் மேஜைமேல் இருந்த தாளைத் தட்டிக் காட்டினார்.

“பேர்தான் அப்ளிகேஷன்லயே இருக்கே சார், அதை எதுக்குத் தனியா கேக்கணும்?”

கேட்

வெளியே வந்தோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பெற்றோரோடு சீருடை வாங்கும் வரிசையில் நின்றிருந்தார்கள். முருகேசன் பஸ் வருகிறதா பார்ப்பதுபோல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ரோட்டில் பஸ் கிடையாது. செல்வி மகளின் பின்னலை அவிழ்த்து, காதில் இழுத்துக் கட்டியிருந்த முடியைத் தளர்த்திவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் வயதானவர், குழந்தைகளைக் கண்டால் விடமாட்டார் போலிருக்கிறது. ஸ்டூலிலிருந்து குனிந்து, யாழினியின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, “பாப்பா பேரு என்ன?” என்று கேட்டார். காலையிலிருந்து அவளை அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். யாழினி நிமிர்ந்து நின்றாள். நாக்கு மடிந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. ஒரு பிசிறு இல்லாமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: “யாழினி.” வாட்ச்மேனுக்கு வாயெல்லாம் பல்.

“யாளினியா? நல்ல பேரு பாப்பா! எந்த கிளாஸ்ல சேர்ந்துருக்கே?”

பேச வராதவர்களைப் பேசவைக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள், கேட்க மனம் வராதவர்களை எந்த டாக்டரிடம் அனுப்புவது என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை.